பெரட்டில் வாசித்த பெயர்

குருவிமலைத் தோட்டம்,
மேல்கணக்கு, ஏழாம் லயம்,
தெமோதரை.
2025 ஜூன் 11, புதன்கிழமை.

அன்புள்ள தம்பி தயாபரனுக்கு அக்கா விஜயலெட்சுமி எழுதிக்கொள்வது.

நீ செய்தது பிழை. போன வியாழக்கிழமை பதுளைக் கூட்டத்தில், அத்தனை அதிகாரிகளுக்கும் முன்னால், பக்கத்துக் காம்பரா ஷிரோமியின் மகள் நிலக்ஷனா எழுந்து நின்று தன் கடிதம் பிந்தி வந்ததைச் சொன்னபோது, எம்.பி. கதிரையில் இருந்த நீ ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்து, “நானும் லயத்துப் பிள்ளைதான். எனக்கு வர வேண்டிய ஒரு கடிதம்கூடத் தவறியதில்லை. அக்கறை உள்ள பிள்ளைக்குக் கடிதம் கைக்கு வந்து சேரும்” என்று சொன்னாய். பொம்பிளைப் பிள்ளை நின்றபடியே அழுதாள். அது வீடியோவாக ஊர் முழுக்கப் போய்விட்டது.

ஷிரோமியின் போனில் நான் அதை மூன்று தரம் பார்த்தேன். முதல் தரம் உன் சட்டை கசங்காமல் இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டாம் தரம் மெலிந்துவிட்டாயா என்று பார்த்தேன். மூன்றாம் தரம்தான் நீ சொன்னது காதில் ஏறியது. அதற்குப் பிறகு போனைத் திருப்பிக் கொடுக்க எனக்கு முகமில்லை.

நடந்தது என்ன என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நிலக்ஷனாவுக்குத் தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை மே எட்டாம் திகதி. கடிதம் ஏப்ரல் இருபத்தெட்டிலேயே தோட்டத்து ஆபிஸுக்கு வந்துவிட்டது. அவள் கையில் கிடைத்தது மே பத்தொன்பதாம் திகதி. இதில் அவளுடைய அக்கறை எங்கே குறைந்தது?

லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கமும் இல்லை, தபால்காரர் மலை ஏறுவதும் இல்லை. எல்லார் கடிதமும் ஒரே பையில் ஆபிஸுக்குப் போய், காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கங்காணி பெயர் வாசித்துக் கொடுக்கிறார். நம் காலத்தில் வீட்டுக்கு ஒருவராவது பெரட்டில் நின்றோம். இப்போது பாதி வீட்டில் யாரும் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. ஷிரோமி பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள், அவள் புருஷன் ஜெஸ்டின் கொழும்பில் கட்டட வேலை. நிலக்ஷனாவின் பெயரை மூன்று நாள் வாசித்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கடிதம் திரும்பவும் மேசை லாச்சிக்குள் போய்விட்டது.

வராதவர்களுக்கு இந்த மாதம் முப்பதாம் திகதி இன்னொரு தரம் நேர்முகப் பரீட்சை வைக்கிறார்களாம். ஆனால் கடிதம் பிந்திக் கிடைத்தது என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்க வேண்டும். துரை முதலில் சம்மதித்தார். டைப் அடித்தும் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை நானும் ஷிரோமியும் நிலக்ஷனாவும் வாங்கப் போனபோது, அந்தத் தாளைக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு, “ஒங்க எம்.பி.யே கடிதமெல்லாம் ஒழுங்கா வருதுன்னு சொல்றாரு. அதுக்கு மேல நான் எப்பிடி இல்லேன்னு எழுதிக் குடுக்கிறது?” என்று கேட்டார். நான் உன் அக்கா என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

இறங்கி வரும் வழியில் ஷிரோமி, “அக்கா, ஒங்க தம்பி பேச்சுக்கு எதுத்து நிக்க எங்களால ஏலாது. பிள்ளைய கட்டுநாயக்கா கார்மெண்டுக்கே வேலைக்கு அனுப்பிடுறேன்” என்றாள். நிலக்ஷனா அவளைவிட வாய்க்காரி. “விடுங்க பெரியம்மா, எம்.பி. மாமா பொறந்தப்பவே தபால் பெட்டியோட பொறந்திருப்பாரு” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

தம்பி, உனக்கு வர வேண்டிய கடிதம் ஒன்று தவறியது. முப்பத்துநான்கு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

தொண்ணூற்றொன்றில் ஆசிரியர் வேலைக்கு நீ முதல் தரம் விண்ணப்பம் போட்டாய். அப்போது நீ பதுளையில் தங்கி டியூஷன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அம்மா ஏற்கனவே இல்லை. அப்பாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினாறு நாள் நான் அவர் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தேன், பெரட்டுக்குப் போகவில்லை. அப்பாவைப் புதைத்துவிட்டு நான் திரும்பவும் வேலைக்குப் போன முதல் நாள், கங்காணி உன் பெயரை வாசித்தார். நீளமான அரசாங்கக் கவர். அதை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. உன் பள்ளிக்கூடப் புத்தகங்களைப் பார்த்து நானாகப் படித்த படிப்புத்தானே. உன்னை நேர்முகப் பரீட்சைக்குத் தெரிவு செய்திருந்தார்கள். அது நாலு நாளைக்கு முன்னால் முடிந்துபோயிருந்தது.

அன்று பின்னேரம் நீ வந்து, “அக்கா, கடிதம் ஏதும் வந்திச்சா?” என்று கேட்டாய். இல்லை என்று சொன்னேன். நீ கேட்பதற்கு முன்பே அது அடுப்பில் எரிந்துவிட்டது. அப்பாவைப் பார்த்துக்கொண்ட நாட்கள்தான் உன் வேலையைத் தின்றன என்று நீ நினைத்துவிடக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயம்.

வேலை கிடைக்காத அந்த ஒரு வருஷம் நீ லயத்துக்கே திரும்பி வந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் கத்தி பிடித்தாய். உள்ளங்கை கொப்புளித்து, மஞ்சள் பற்றுப் போட்டு நான்தான் கட்டிவிட்டேன். அடுத்த விண்ணப்பத்தை நீ என்னிடம் தபாலில் போடக் கொடுத்தபோது, தோட்டத்து விலாசத்தை நானே வெட்டிவிட்டு, தெமோதரை ஸ்டேஷனடி புஹாரி நானாவின் கடை விலாசத்தை எழுதினேன். அந்த வெட்டலுக்காக நீ என்னோடு சண்டை பிடித்தது நினைவிருக்கும். நாள் தவறாமல், கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு, இரண்டு மைல் இறங்கி அந்தக் கடைக்குப் போனேன். நானா, “தங்கச்சி, ஒரு நாளாவது வராம இரிங்க. கடிதம் வந்தா கடையவே தூக்கிட்டு வந்திருவேன்” என்பார். ஏழு மாதம் போனேன். வந்தது.

அதன் பிறகு உனக்கு எல்லாமே அந்தக் கடைக்குத்தான் வந்தது. ஆசிரியர் நியமனம், தொழிற்சங்கத்துக் கடிதம், பிரதேச சபை, மாகாண சபை. இப்போது பாராளுமன்றத்துக்கே போய்விட்டாய். போகிற பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவிலெல்லாம், “முதல் தரம் என்னைத் தகுதியில்லை என்று தள்ளினார்கள், அந்த வைராக்கியம்தான் என்னை இங்கே கொண்டு வந்தது” என்று பேசுகிறாய். பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். நானும் இரண்டு தரம் பின்வரிசையில் இருந்து தட்டியிருக்கிறேன். உன்னை யாரும் தள்ளவில்லை, தம்பி. இருபது வயதிலேயே உன்னைத் தகுதி என்று சொல்லி எழுதியிருந்தார்கள். அது உன் கண்ணில் படாமல் போனதுக்கு நான் காரணம்.

இதைச் சொல்லாமலே செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் பொய்யை நீ நம்பி, அதை வைத்து இன்னொரு பிள்ளையை அடிக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியாது. எனக்கு அறுபத்தெட்டு வயது. என்னைத் திருத்த முடியாது என்று நீயே எல்லாரிடமும் சொல்வாய். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். மற்றது எதையும் திருத்தாதே.

இந்தக் கடிதத்தைப் புஹாரி நானாவின் மகன் றினாஸிடம் கொடுத்திருக்கிறேன். சரக்கு எடுக்கப் பதுளைக்கு வருகிறார். செயலாளர் கையில் கொடுக்க வேண்டாம், உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி நடக்க வேண்டியது.

நிலக்ஷனா சான்றிதழ்களை எல்லாம் எடுத்து வைத்து, முப்பதாம் திகதிக்குத் தயாராக இருக்க வேண்டும். அது என் பொறுப்பு. ஷிரோமி இந்த மாதம் முடியும்வரை கார்மெண்டுக்கு ஆள் பிடிக்கிறவனுக்குப் பதில் சொல்லக் கூடாது. அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டேன்.

துரை அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் உன் பேச்சைத்தான் காரணம் காட்டுகிறார். அதனால் நீ சொன்னது பிழை என்று உன் கையாலேயே எழுதி, இருபதாம் திகதிக்குள் அவர் மேசைக்கு வரச்செய்ய வேண்டும். போனில் சொன்னால் போதாது. அவருக்குத் தாள் வேண்டும்.

லயத்துக் காம்பரா ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, தபால்காரர் வாசலுக்கு வர நீ பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும். ஒரு தரம் கேட்டுவிட்டு உட்காரக் கூடாது. அதுவரை, பெரட்டில் பெயர் வாசித்து ஆள் இல்லாத கடிதங்களைப் பின்னேரம் நானே லயம் லயமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கங்காணியிடம் சொல்லியிருக்கிறேன். முழங்கால் வலி என் கவலை, உன் கவலை இல்லை.

அடுத்த கூட்டத்தில், அதே இடத்தில் எழுந்து, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவள் மேல் குற்றமில்லை என்று நீ சொல்ல வேண்டும். என் கதையைச் சேர்த்துச் சொல்வதா இல்லையா என்பது உன் விருப்பம். சாட்சி வேண்டுமென்றால் நான் வந்து நின்று, கடிதத்தை எரித்தது நான்தான் என்று சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்த பிறகு உனக்கு என்மேல் கோபம் வரும். வர வேண்டியதுதான். அதை ஆறவிட்டு, வருகிற தைப்பொங்கலுக்கு ஆட்களோடும் மாலையோடும் வராதே. கோபம் இருக்கிறபோதே, இந்த ஞாயிற்றுக்கிழமை தனியாக வா. வந்து என்னைத் திட்டு. திட்டி முடித்ததும் சாப்பிட்டுவிட்டுப் போ.

நீ நீண்ட ஆயுளோடு, சொன்ன சொல் தலைநிமிர்ந்து நிற்க வாழ வேண்டும்.

உன் அக்கா,
வீ. விஜயலெட்சுமி