எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்

இன்று காலை மறுபடியும் அந்த வாசனை. சாலையில் வெட்டிக் கிடத்திய புளியமரத்தின் பச்சை வாசனை. இடஒதுக்கீட்டுப் போராட்டம் இன்னும் ஓயவில்லை. பட்டறைக்கு நடந்தே வந்து, உன் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ போய் ஒரு வருடமாகப் போகிறது.

பயிருக்கு மருந்தடிக்கும் மிஷினோடு வைத்துக் கொடுக்கும் விளக்கத் தாளைத் தயார் செய்வதுதான் நம் வேலை. நான் எழுதி வாசிப்பேன். நீ மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாள் சொல்வதை மட்டும் செய்வாய். உன் கை தயங்கினால் என் வாக்கியத்தில் குறை என்று அர்த்தம். உன் கை தயங்கியதே இல்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரியான எனக்கு அதில் ஒரு கர்வம். வெளியே யாரிடமும் பேச வாய் வராதவளுக்கு இந்த அறை போதுமானதாக இருந்தது.

உனக்குப் போதவில்லை. "நீ எழுதுற, நான் செய்யிறேன். ரெண்டு பேரும் இந்த ரூமுக்குள்ளயே கெடக்கறோம். நம்ம தப்பு நமக்கு எப்டிடி தெரியும்?" என்பாய்.

இப்படித் தாள் எழுதுபவர்கள் விழுப்புரத்தில் ஒருநாள் கூடுகிறார்கள், சென்னைக் கம்பெனிக்காரர்களும் வருகிறார்கள் என்று கடிதம் வந்தபோது, என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்தாய். "எழுந்து நின்னு 'இத எழுதுனது நானு'ன்னு சொல்லு. மூணே வார்த்த. மிச்சத்த தாளு பேசிக்கும்."

விழுப்புரத்துக்குக் கிளம்பிய நம் பேருந்து தியாகதுருகம் தாண்டியதும் நின்றது. முன்னால் ஒரு மரம். ஓட்டுநர் பின்னால் எடுப்பதற்குள் அங்கேயும் ஒன்று விழுந்தது. படிப்புக்கும் வேலைக்கும் இடம் கேட்டுப் போராட்டக்காரர்கள் மறித்தார்கள். நானும் ஓர் இடம் தேடித்தான் கிளம்பியிருந்தேன். வெயில் ஏற ஏறத் தகரம் கொதித்தது. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது.

"அங்க போறதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிடும். இங்கியே சொல்லிப் பழகு" என்று தாளை என் கையில் திணித்தாய். முன் இருக்கையிலிருந்த வடக்கனந்தல் விவசாயி திரும்பிப் பார்த்தார்.

"இந்தத் தாளா? எங்க வூட்லயும் கீது. 'வால்வைத் திருப்பவும்'னு போட்டுகினு கீது. எந்தப் பக்கம்னு போட வாணாவா? நான் ஒரு பக்கம் திருப்பி, மருந்து அப்டியே கண்ணுல அடிச்சிது. மூணு நாளு கண்ண தொறக்கல. யாரும்மா இத எழுதுனது?"

"எழுதுனவரு வயலயே பாத்திருக்க மாட்டாருண்ணே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பேருந்தே சிரித்தது.

நீ என்னைப் பார்த்தாய். நான் சொல்ல வேண்டியது அதே மூன்று வார்த்தைகள்.

"தெரியலீங்க" என்றேன்.

"நாந்தாங்க எழுதுனேன்" என்றாய் நீ. "தப்புதாங்க. எடது பக்கம் திருப்பணும், மாத்திடறோம். கண்ணு இப்ப பரவால்லீங்களா?"

"மாத்துறேன்னு எழுதி உம் பேர போடு. நான் பட்டறைக்கே வந்து கேப்பேன்" என்றார். தாளின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். கோபம் தணிந்ததும் அவரே இன்னும் இரண்டு குறைகளைச் சொன்னார். அவற்றையும் அதன் கீழே குறித்து, அவரிடம் காட்டிவிட்டுத் தாளை என் கையில் கொடுத்தாய். உன் கை ஏன் தயங்கியதே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எந்தப் பக்கம் என்பது உன் கைக்குத் தெரிந்திருந்தது. என் வாக்கியம் அதைச் சொல்லவே இல்லை.

மரங்களை அகற்றியதும் பேருந்து வந்த வழியே திரும்பியது. நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறங்கும்போது, "அடுத்த வருசம் போலாம்டி" என்றாய். அதற்குள் மஞ்சள் காமாலை முந்திக்கொண்டது. வெள்ளிமலைக்கு, உன் ஊருக்கு, உன் உடலைக் கொண்டுபோன ஜீப்பில் கடைசி இருக்கையில் நான் இருந்தேன். அந்தத் தாளை எழுதியது நான்தான் என்று அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை.

விழுப்புரத்துக்கு நாளை வரச்சொல்லி இந்த வருடக் கடிதம் மேசையில் கிடக்கிறது. பேருந்து ஓடாது. ஆனால் இன்று காலை, மரத்துக்கு இந்தப் பக்கம் சிக்கி நின்ற பேருந்தில் நான் ஏறினேன். தாளை நீட்டி, "இத எழுதுனது நானு. எதாச்சும் தப்பு இருந்தா சொல்லுங்க" என்றேன்.

"இன்னாம்மா, காதுல விழல. சத்தமா சொல்லு" என்றார் ஒரு அம்மா.

மறுபடியும் சொன்னேன். அந்த மிஷின் அங்கே யாரிடமும் இல்லை. இறங்கி நடந்தேன்.

அன்று நீ கையெழுத்துப் போட்ட தாளை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன்; இப்போது பிரித்திருக்கிறேன். என் தப்புக்குக் கீழே உன் பெயர். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அடிக்க மனம் வரவில்லை. பக்கத்தில் எழுதினேன்.