அந்தச் சொல்லை என் வாயில் வை

நோபல் பார்க்,
மெல்பேர்ண்,
திங்கட்கிழமை.

அன்புள்ள பேத்தி வினுஷாவுக்கு, அப்பம்மா நாகேஸ்வரி எழுதுவது.

நீ சுகமாக இருக்கிறாய் என்று ரீவியில் பார்த்தே தெரிந்துகொண்டேன். இங்கே நாங்களும் இருக்கிறோம். உன் அம்மா யோகாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. உன் அப்பா சிறிதரன் வழக்கம்போல பஸ் ஓட்டப் போய் வருகிறான். சுகம் விசாரித்து முடிந்தது. இனி எழுதுவதெல்லாம் கோபத்தோடு எழுதுவது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ இரண்டாவது சொல்லிலேயே என்னைச் சிரிக்கவைத்துவிடுவாய். பிறகு கோபத்தை எங்கே வைத்தேன் என்று நான் தேடவேண்டும். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதுதான், நிகழ்ச்சிகளுக்காக வந்து சிட்னியில் நீ தங்கியிருக்கிற ஹோட்டல் விலாசத்தை யோகாவிடம் கேட்டு எழுதி வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. பிழை கண்டால் சிரி. ஆனால் முழுவதும் வாசி.

நீ மேடையில் நின்று பகிடி சொல்லிப் பாட்டும் பாடுகிற நிகழ்ச்சி, அமெரிக்காவில் எடுத்தது, சனிக்கிழமை பின்னேரம் ரீவியில் வந்தது. மூன்று பேரும் இருந்து பார்த்தோம். நீ கையைக் கட்டிக்கொண்டாய், முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டாய். நடிக்கப் போகிறேன் என்று சொன்ன நாளில் உன் அப்பா சொன்னதாக ஒன்றைச் சொன்னாய். போனால் இந்த வீட்டுப் படி மிதிக்காதே என்று அவன் சொன்னானாம். ஆனால் மெல்பேர்ணில் நம்முடைய வீட்டுக்குப் படியே கிடையாதாம், சக்கர நாற்காலிகூட நேரே உள்ளே வரலாமாம், ஆகையால் எதை மிதிக்கக்கூடாது என்று ஆறு வருஷமாகத் தேடுகிறாயாம். சபை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. நீ கிற்றாரை எடுத்துப் பாட்டுத் தொடங்கியபோதுதான் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவனுக்குக் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. எங்கள் முன்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழும்பிக் குசினிக்குப் போய், கழுவி வைத்த கோப்பைகளைத் திரும்பவும் கழுவினான்.

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை இங்கே மெல்பேர்ணிலும் அதே நிகழ்ச்சியைச் செய்யப்போகிறாய். எங்களுக்கு மூன்று ரிக்கெற் அனுப்பினாய். நேற்றுச் சாப்பிடும்போது உன் அப்பா சொன்னான், "அம்மா, நீங்களும் யோகாவும் போயிட்டு வாங்கோ, எனக்கு அண்டைக்கு வேலை." பதினெட்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவன், சனிக்கிழமை வேலையைத் தானாகக் கேட்டு வாங்கினதை நான் கண்டதில்லை.

வினுஷா, எனக்கு மறதி என்பது கிடையாது. உனக்குச் சங்கீதம் படிப்பித்த விமலா ரீச்சர், உனக்குத் தாளம் நிற்காது என்று என் முகத்துக்கு நேரே சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. உன் பாட்டுகள் அமெரிக்க ரேடியோவில் வரத் தொடங்கின நாளிலிருந்து, "அவள் என்ரை ஸ்ருடன்ற்" என்று கோயிலில் ஆள் பிடித்துச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். பரிசு மேடையில் இரண்டு தரம் போட்டியில் உன் பெயரையும் வாசித்துவிட்டு, பரிசை வேறொருத்திக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களின் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. பத்தொன்பது வயதில் நீ பொரித்த கிழங்கு விளம்பரத்துக்காக ஒரு வசனமும் இல்லாமல் பதினொரு பைக்கற் சாப்பிட்டுவிட்டு வந்து சத்தி எடுத்தாய். அமெரிக்க ரீவியின் மிருக வைத்தியசாலைத் தொடரில் முதல் வருஷம் உனக்குத் தந்தது இரண்டே வசனம், "இருங்கோ" என்றும் "அது நாய் இல்லை" என்றும். நாலாம் வருஷம் உன் முகம் அமெரிக்காவில் பஸ்ஸின் பக்கவாட்டில் வந்தது.

அந்த இரண்டு வசனத்தையும் உனக்கு யார் வாங்கித் தந்தது? ஆள் தெரிவுக்கு நடிப்பைப் போனில் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டும், எதிரில் நிற்கிறவர் பேசுகிற பேச்சைப் படம் பிடிக்கிறவர் வாசிக்கவேண்டும் என்றாய். எட்டு மணித்தியாலம் பஸ் ஓட்டிவிட்டு வந்து, கராஜில் நின்று வாசித்தது என் மகன். உன் காதலனாக வாசித்தான், பொலிஸாக வாசித்தான், ஒருமுறை மணப்பெண்ணின் தாயாகவும் வாசித்தான். எல்லாவற்றையும் பஸ் தரிப்பிடம் சொல்கிற குரலிலேயே வாசித்தான். முகம் அசையாமல் பகிடி சொல்கிறாள் என்று பேப்பரில் உன்னைப் புகழ்கிறார்கள். அது யாருடைய முகம், பிள்ளை?

ஆகையால் அந்தப் பகிடியை மெல்பேர்ணில் சொல்லாதே. எடுத்துவிடு. உனக்கு வேறு ஆயிரம் இருக்கும்.

இங்ஙனம்,
கோபம் ஆறாத அப்பம்மா.


நோபல் பார்க்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள வினுஷாவுக்கு,

என் கடிதம் கிடைத்து நேற்று நீ போன் எடுத்தாய். நான் சரியாகப் பேசவில்லை. உன் அப்பா எனக்கு எதிரில் இருந்து முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தான்.

நீ சொன்னது எல்லாம் எனக்கு விளங்கியது. அந்தப் பகிடி இல்லாவிட்டால் அடுத்து வருகிற பாட்டு நிற்காது, பாட்டு நிற்காவிட்டால் பின் அரை மணித்தியாலமும் விழுந்துவிடும் என்றாய். உன் தொழில், உனக்குத்தான் தெரியும். பிறகு குரலைத் தணித்து, "அப்பம்மா, நான் இல்லாததையே சொன்னனான்? அப்பா சொன்னவர்தானே?" என்று கேட்டாய். நான் ஓம், சொன்னவன்தான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அந்த ஓம் என்னை இரண்டு வேளையும் சாப்பிட விடவில்லை.

அவன் சொன்னவன்தான். ஆனால் அது அவன் சொல் இல்லை. நீ குரல் பிடிக்கிறவள். கடைக்காரன் இருமுவதைக்கூடப் பிடித்துக் காட்டுகிறவள். உன் அப்பா தன் வாழ்நாளில் படி, மிதி என்று பேசி நீ கேட்டிருக்கிறாயா? அவனுக்கு எது பிடிக்காவிட்டாலும், "யோசிச்சுச் செய்" என்பான், அவ்வளவுதான். வீட்டுப் படி, வாசல், முகத்தில் முழிக்காதே என்று பேசுகிறது இந்த வீட்டில் யார்? ஆறு வருஷமாக அந்தச் சொல்லை மனதில் வைத்திருந்து இப்போது மேடையிலும் சொல்லுகிறாய், அது யாருடைய வாய் என்று உனக்குப் படவில்லை.

கேள். ஆறு வருஷத்துக்கு முன், நீ நடிக்கப் போகிறேன் என்று சொன்ன அந்த வாரம், இங்கே கேரம் டவுன்ஸ் கோயிலில் எங்களுக்குத் தெரிந்த கதிர்காமநாதன் தன் மகனுக்கு உன்னைப் பெண் கேட்டார். உன்னையும் கேட்காமல் உன் அப்பாவையும் கேட்காமல், சாமிக்கு முன்னால் நின்று நான் ஓம், தருகிறோம் என்றுவிட்டேன். நாலு நாளில் அமெரிக்காவிலிருந்து உனக்கு அழைப்பு வந்தது. நீ கராஜில் துள்ளிக்கொண்டிருந்தாய். உன் அப்பா என் அறைக்கு ஓடி வந்தான். "அம்மா, பிள்ளைக்குக் கிடைச்சிட்டுது!" என்றான். அவனுடைய பல்லை நான் அப்படிப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவள் போனால் இந்த வீட்டுப் படி மிதிக்கக்கூடாது, நீ போய் இப்போதே சொல்லு என்றேன். சொல்லாவிட்டால் நாளைக்கே எனக்கு ரிக்கெற் போடு, ஊரில் தனியாகக் கிடந்து சாகிறேன் என்றேன். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட ஏழு வருஷம் விசாவுக்குப் பேப்பர் எழுதினவன் அவன். நேரே குசினிக்குப் போய், நான் சொன்னதை நான் சொன்னபடியே உன்னிடம் சொன்னான். பஸ் தரிப்பிடம் சொல்கிற குரலில்தான். நீ அழுதது என் அறைக்குக் கேட்டது. நான் வெளியே வரவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. உன் அப்பா ஒருநாளும் யாரிடமும், யோகாவிடம்கூட, அம்மா சொல்லித்தான் சொன்னேன் என்று சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்வான், நாளைக்குச் சொல்வான் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ ஞாயிறு தவறாமல் எனக்குப் போன் எடுப்பாய், அப்பம்மா அப்பம்மா என்று கொஞ்சுவாய், அப்பா இருக்கிறாரா என்று கேட்கமாட்டாய். அவன் அந்த நேரம் பக்கத்தில்தான் இருப்பான். உன் குரல் கேட்கிற தூரத்தில் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு இருப்பான். நான் அவனிடம் இருந்து எடுத்ததை அவனுக்கு முன்னாலேயே வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கதிர்காமநாதனுக்குக் கொடுத்த வாக்குக்காகச் செய்தேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய மகன் இரண்டு தரம் கலியாணம் கட்டி இரண்டு தரமும் பிரிந்துவிட்டான், போகட்டும். உண்மை அது இல்லை. எல்லோரும் வேலைக்குப் போனபிறகு பகலில் என்னோடு பேச இருந்தவள் நீ ஒருத்திதான். போகாதே பிள்ளை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாயில் இருந்தது படியும் வாசலும்தான்.

இனிச் சொல்லுகிறேன். அந்தப் பகிடியை எடுக்கவேண்டாம். என் வாயில் வை. அப்பா சொன்னார் என்பதை அப்பம்மா சொன்னாள் என்று மாற்று, உன் பாட்டும் அப்படியே நிற்கும். ஆனால் அசையாத முகத்தோடு செய்யாதே, அது என் முகம் இல்லை. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகு. வலது கையை வாசல் பக்கம் நீட்டு, விரல் நடுங்கவேண்டும். ரிக்கெற் போடு, ஊரில் கிடந்து சாகிறேன் என்பதையும் சேர்த்துக்கொள், அது இன்னும் பெரிய சிரிப்பு வரும். நான் முன்வரிசையில் இருப்பேன். இவள்தான் என்று கை காட்டினாலும் எழும்பி நிற்பேன். விமலா ரீச்சரும் வருகிறாளாம், வரட்டும், பார்க்கட்டும்.

உன் அப்பாவோடு டிப்போவில் வேலை செய்கிற செந்தில்நாதன் என்ற இந்தியத் தம்பியைப் போன மாதம் கோயிலில் கண்டேன். "பாட்டி, சார் லன்ச் டைம்ல தினமும் உங்க பேத்தி சீரியலைத்தான் பார்க்கிறார். சிரிக்கவே மாட்டார். ஆனா ஒரே சீனை மூணு தடவை போட்டுப் பார்ப்பார்" என்றான். நான் அதை உனக்கும் சொல்லவில்லை, யோகாவுக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது உனக்குத் தெரியும்.

மெல்பேர்ணுக்கு வந்தால் ஹோட்டலில் தங்கப்போவதாகச் சொன்னாயாம். வீட்டுக்கு வா. வரக்கூடாது என்று சொன்னவள் வரச் சொல்லுகிறேன்.

இதையெல்லாம் உன் அப்பாவிடம் நானே சொல்லத்தான் பார்த்தேன். இன்று காலை தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு, "சிறி" என்று தொடங்கினேன். "என்னம்மா?" என்றான். சீனி போதுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அதனால்தான் விரைவுத் தபாலில் இதை அனுப்புகிறேன், திங்களோ செவ்வாயோ உன் கைக்கு வரும். சனிக்கிழமை வேலையை மாற்றுவதென்றால் அவன் புதன்கிழமைக்குள் டிப்போவில் சொல்லவேண்டும். பன்னிரண்டரைக்கு அவனுக்குச் சாப்பாட்டு நேரம். அப்போது அவனுக்குப் போன் எடு. அவன் ம் என்பான், பிறகு ஒன்றும் சொல்லமாட்டான். வைத்துவிடாதே பிள்ளை, கொஞ்சம் பொறு.

ஆண்டவன் உனக்குக் குறைவில்லாத குரலும், உன்னைப் பார்த்துச் சிரிக்கிற சனமும் தரட்டும். அப்பாவோடு பேசின பிறகு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் எடுக்க உனக்கு மனம் வராவிட்டால் நான் கோபிக்கமாட்டேன். அது எனக்கு நினைவிருக்கும், ஆனால் கோபிக்கமாட்டேன்.

என்றும் உன்,
அப்பம்மா நாகேஸ்வரி.