பக்கத்து இருக்கையில் தொப்பி

அன்புள்ள பிரான்வின்,

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை, எனக்கும் வேலை நிறைய இருக்கிறது.

வியாழக்கிழமை பல்லாரட் ஊர்த் தியேட்டரில் ஐந்து டிரெய்லர் போட்டார்கள். நான்கு குப்பை. ஐந்தாவதில் கொலைகாரன் யாரென்றே காட்டிவிட்டார்கள். "கதை பூரா சொல்லிட்டான், டிக்கெட் காசு மிச்சம்!" என்று உன் அம்மா சொல்வாளே, அதை நானே பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சொன்னேன். அங்கே என் தொப்பி மட்டும் இருந்தது. படம் தொடங்குவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டிவியில் உன் அம்மா பார்க்கும் அந்தப் பேய் நிகழ்ச்சியைப் போட்டேன். சுத்தப் பித்தலாட்டம். பாழடைந்த வீட்டுக்குள் ஏதோ கருவியைத் தூக்கிக்கொண்டு போய், "இங்க தனியா யாராவது இருக்கீங்களா? இருந்தா ஒரு தட்டு தட்டுங்க" என்று ஒரு பெண் கெஞ்சுகிறாள். கதவுக்குப் பின்னால் தட்டுவது அவர்கள் ஆள்தான். உன் அம்மா இருந்தவரை அவள் மட்டும் நம்பினாள். நான் சிரித்தால், "வாயை மூடிட்டுப் பாருங்க, பாவம், கேக்குறாள்ல" என்பாள்.

இந்த முறை யாரும் தட்டவில்லை. அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள்.

நாற்காலிக் கையில் நான் ஒரு தட்டு தட்டினேன்.

உன் அப்பா