லோகேஸ்வரிக்குப் போட வேண்டிய மதிப்பெண்

18 ஜனவரி 2025, சனி

இன்றும் வகுப்பு நடுவில் இணையம் போய்விட்டது. எங்கள் ஊர் திகாம் பத்துவில் கொஞ்சம் மழை பெய்தால் போதும். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து, கைப்பேசி இணைப்பில் மிச்சத்தைக் கேட்டேன். கண்ணாடியெல்லாம் ஆவி.

டாக்டர் பரஞ்சோதி அறிவித்துவிட்டார். இந்தப் பருவம் செய்முறை. தாதியர் கல்வி முதுகலை என்று இதுவரை திரையில் படித்ததையெல்லாம் இனி உண்மையான மாணவிகளிடம் செய்துகாட்ட வேண்டும். நான் வேலை செய்யும் வார்டுக்கே டிப்ளோமா மாணவிகள் வருவார்கள். கற்பிப்பதைக் காணொளியாக எடுத்து, அதைப் பார்த்து நானே என்னைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும். கடைசியில் அவர்களுக்கு மதிப்பெண் போடுவதும் நான்தான்.

இத்தனை வருடம் ஊசி போட்டிருக்கிறேன், கற்றுக்கொடுத்ததில்லை. வகுப்பு முடிந்தும் காரைவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். நோயாளி கூப்பிடுகிற ‘மிஸ்ஸி’ வேறு, மாணவி கூப்பிடப்போகிற ‘மிஸ்ஸி’ வேறு இல்லையா?

27 ஜனவரி, திங்கள்

நான்கு பேர் வந்தார்கள். ஷீலாவுக்கு வாய் ஓயவில்லை. இரண்டு பேர் பேசவே இல்லை. நான்காவது லோகேஸ்வரி, கரங்கான் ஊர்க்காரி. அம்மா செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை. இதுதான் அவளுக்குக் கடைசிப் பயிற்சி. முடித்த கையோடு பினாங்கில் ஒரு மருத்துவமனையில் சேரப்போகிறாளாம், இடம் தயாராம்.

வேகமான கை. நான் சொல்லி முடிப்பதற்குள் படுக்கை விரிப்பு மாறிவிடுகிறது. பார்த்ததுமே அவளைப் பிடித்துப்போனது. மதிப்பெண் போடுகிறவளுக்கு இது நல்லதா?

வார்டில் ஆள் குறைவு. மருந்து வண்டி தாமதமாகத்தான் நகர்ந்தது. வார்டு சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அதுவே போதும் எனக்கு, நாள் முழுக்க அவசரப்பட.

4 பிப்ரவரி, செவ்வாய்

லோகேஸ்வரி ஒருவருடைய இரத்த அழுத்த மாத்திரையைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுக்கப் போனாள். அங்கே படுத்திருந்த மக்சிக்கே, மலாய்க்கார அம்மா, “என் மாத்திரை வெள்ளைலா, இது மஞ்சள்” என்று மலாயில் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“கையில் கட்டியிருக்கும் பெயர்ப்பட்டையைப் படித்தாயா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். முதல் தடவை, எச்சரித்துவிட்டேன்.

6 பிப்ரவரி, வியாழன்

காணொளி எடுத்தாயிற்று. காலிக் கட்டிலில் ஷீலாவை நோயாளியாகப் படுக்கவைத்தோம், லோகேஸ்வரி மருந்து கொடுத்தாள், நான் சொல்லிக்கொடுத்தேன். நன்றாகத்தான் போனது என்று நினைக்கிறேன். திறந்து பார்க்கத் தைரியமில்லை. என் குரலை நானே கேட்பதா?

11 பிப்ரவரி

தைப்பூசம். எனக்கு வேலை. கோயில் பக்கம் சாலை அடைப்பு, சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மனதுக்குள் கும்பிட்டது கணக்கில் வருமா தெரியவில்லை.

17 பிப்ரவரி, திங்கள்

எழுத வரவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு அடங்காது.

ஏழாம் கட்டிலில் இருந்த மருதம்மாளுக்குக் குளிர்சாதனக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று காலையில்தான் ஒன்பதுக்கு மாற்றினோம். ஏழில் வேறொரு மக்சிக். அவருக்குச் சர்க்கரை நோயே இல்லை. குடல் பரிசோதனைக்காக நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் கிடக்கிறார். லோகேஸ்வரி மருதம்மாளின் இன்சுலினை எடுத்துக்கொண்டு நேராக ஏழுக்குப் போய்விட்டாள். நான் பக்கத்துக் கட்டிலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எதற்காகத் திரும்பினேன் என்று எனக்கே தெரியாது. ஊசி தோலுக்குப் பக்கத்தில இருந்துச்சு. அப்படியே அவ கையைப் பிடிச்சுட்டேன். அவ கை சில்லுன்னு இருந்துச்சு, என் கையும்தான்.

ஒன்னும் ஆகல. ஒன்னும் ஆகல. ஆனா ஆகியிருந்தா—

அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். போய்த் தோளைத் தொடலாமா கூடாதா என்று யோசித்து, தொடாமலே வந்துவிட்டேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

மதிப்பீட்டில் ‘பாதுகாப்பாக மருந்து கொடுக்கிறார்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் இல்லை என்று போட்டால் மற்ற எதிலும் எவ்வளவு வாங்கினாலும் தேர்ச்சி கிடையாது. அடுத்த பருவத்தில் இதே பயிற்சியை மறுபடி செய்ய வேண்டும். பினாங்கு வேலை போய்விடும்.

இவரிடம் சொன்னேன். என் கணவர் சிவநேசன் குரூணில் கார் பட்டறை வைத்திருக்கிறார். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“பிரேக் பிடிக்காத காரை, ஓனர் பாவம்னு நான் ரோட்டுக்கு விட முடியுமா?” என்றார்.

சரிதான். அப்புறம் ஏன் அந்த வரியை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்?

20 பிப்ரவரி, வியாழன்

லோகேஸ்வரியின் அம்மா புஷ்பவள்ளி போன் செய்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

“புள்ள ரெண்டு நாளா பேசவே மாட்டுது மிஸ்ஸி. தப்பு பண்ணிட்டேன்மான்னு மட்டும் சொல்லுது. நீங்களும் தோட்டத்துலேருந்து படிச்சு வந்தவங்கதான்னு சொல்லிச்சு. ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. பாத்து செய்ங்க.”

பார்க்கிறேன் அக்கா என்றேன். என்னத்தைப் பார்ப்பேன்?

22 பிப்ரவரி, சனி

இன்று காணொளியைப் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம். இல்லை, அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும்.

லோகேஸ்வரி ஷீலாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பெயர்ப்பட்டையைத் திருப்புகிறாள். படிக்க ஆரம்பிக்கிறாள். உடனே என் குரல்: “சரி சரி, ஷீலாதான்னு தெரியும்லா. அடுத்தது.” அவள் கை பட்டையை விட்டுவிடுகிறது. மறுபடி மருந்துச் சீட்டோடு ஒப்பிடக் குனிகிறாள். மறுபடி நான்: “ம்… ம்… சீக்கிரம்மா, வண்டி நிக்குது.” சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன். சிஸ்டர் பார்ப்பாரே, அதே மாதிரி.

நான் எச்சரித்த பிறகு படிக்கத்தான் செய்தாள். கை எடுக்க வைத்தது நான்.

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மாறவில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

இவர் சொல்கிறார்: “வேற வீடியோ எடுத்து அனுப்பு. அதுக்குத்தானே கேக்கறாங்க, நல்லா சொல்லிக்குடுக்கறியான்னு. ரெண்டு வருசமா நீ கெடக்கற கெடப்பு எனக்குத் தெரியும்லா.”

அன்றைக்குப் பிரேக்கைப் பற்றிப் பேசினவர்தான் இவர். என் மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறார். நானும் சரி என்றேன்.

24 பிப்ரவரி, திங்கள்

மறுபடி எடுத்தோம். அதே கட்டில், அதே ஷீலா. நான் தேனாகப் பேசினேன். எதற்கும் அவசரப்படுத்தவில்லை, கடிகாரப் பக்கம் திரும்பவே இல்லை.

லோகேஸ்வரி மணிக்கட்டைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் விட்டாள். படிக்கவில்லை. அந்த நேரம் நான் வாயையே திறக்கவில்லை, அவளாகவே விட்டாள். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், வேகமாகச் செய்துவிட்டேனா என்று கேட்பது போல.

புதுக் காணொளியை அழித்துவிட்டேன்.

26 பிப்ரவரி, புதன்

பழையதை அனுப்பினேன். கூடவே எழுதியது இவ்வளவுதான்: நான் அவசரப்படுத்தினேன், மாணவி சரிபார்ப்பதை விட்டுவிட்டாள், பதினேழாம் தேதி அது ஒரு நோயாளி வரைக்கும் போனது.

லோகேஸ்வரியின் மதிப்பீட்டில் அந்த வரிக்கு எதிரே ‘இல்லை’ என்று போட்டேன். என் தவறு என்பதற்காக அவள் கை பாதுகாப்பானதாக ஆகிவிடாதே. 

8 மார்ச், சனி

டாக்டர் பரஞ்சோதி தனியாக அழைத்திருந்தார். நல்லவேளை, மழை இல்லை, இணையம் போகவில்லை.

“இதுக்கு நான் தேர்ச்சி குடுக்க முடியாது, உமாராணி. செய்முறையை அடுத்த பருவத்துல திரும்பச் செய்யணும்.”

தெரியும் என்று தலையாட்டினேன். வலிக்காது என்று நினைத்திருந்தேன், வலித்தது. அவர் கேட்டார்: “எனக்கு எழுதினதை அந்தப் பிள்ளைகிட்டச் சொன்னீங்களா?”

இல்லை.

13 மார்ச், வியாழன்

சுங்கைப் பட்டாணியில் ஒரு கடையில் லோகேஸ்வரியைச் சந்தித்தேன். நோன்பு மாதம், மதிய நேரம், எங்களைத் தவிர ஆளே இல்லை. காணொளியைக் காட்டினேன். தலையை நிமிர்த்தாமல் பார்த்தாள். ஆறுதலடைவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

“அப்ப நான் ஃபெயிலானது ஒங்களாலயா மிஸ்ஸி?”

“பாதி.”

“மீதி?”

“மீதி நீதாம்மா. ஊசி ஒன் கையிலதான் இருந்துச்சு. நாளைக்கு என்னைவிட மோசமா வெரட்டுறவங்ககிட்ட வேலை செய்வே.”

“இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் நின்னு படிச்சிருப்பேன்.” பையை எடுத்துக்கொண்டாள். “பினாங்குல வேற ஆள் எடுத்துட்டாங்க, தெரியுமா?”

எழுந்து போய்விட்டாள். பஸ் நிலையம் வரைக்கும் பின்னாலேயே போய், கூப்பிடாமல் திரும்பி வந்தேன். நான் செய்தது சரியா? யாருக்குச் சரி?

2 ஏப்ரல்

அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

10 ஜூலை, வியாழன்

அடுத்த வாரம் என் மறு செய்முறைக்கு வரும் மாணவிகளின் பெயர்கள் வந்தன. லோகேஸ்வரி இருக்கிறாள். கல்லூரிக்குப் போன் செய்தேன். வேறு வார்டு தருகிறோம் என்றார்களாம், வேண்டாமென்று அவள்தான் இங்கே கேட்டாளாம். ஏன்? என்னை முறைத்துக்கொண்டே நிற்பதற்கா? பயமாக இருக்கிறது.

14 ஜூலை, திங்கள்

மருந்து வண்டியோடு நாங்கள் இருவர்.  அவளை அவசரப்படுத்திவிடக் கூடாது என்று நாக்கைக் கட்டிக்கொண்டிருந்தேன். வார்டு நிறைந்திருந்தது, ஒரு புறம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து அவள் படித்துக்கொண்டிருக்கும்போது, என்னை அறியாமல் என் கை அடுத்த மருந்துக் கிண்ணத்தை நகர்த்தியிருக்கிறது.

அவள் தலையைத் தூக்கவில்லை.

“இருங்க மிஸ்ஸி. இன்னும் படிச்சு முடிக்கல.”

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கிண்ணத்தை வைத்துவிட்டு நின்றேன். அவள் பெயரைப் படித்தாள், அவரிடம் பெயரைக் கேட்டாள், சீட்டைப் பார்த்தாள், பிறகுதான் மாத்திரையைக் கையில் கொடுத்தாள்.

வண்டி தாமதமாகத்தான் முடிந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று சிஸ்டர் கேட்டார்.

“அவ பட்டையைப் படிச்சா சிஸ்டர், படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் நின்னேன்” என்றேன்.