முறிந்துவிட்டது என்று நான் சொன்னது

செப்டம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. சோளம் அறுவடைக்குக் காய்ந்துகொண்டு வருகிறது. மதியம் வழக்கம்போல முதியோர் இல்லத்துக்குப் போய் என் வீட்டுக்காரர் லூமிருக்குச் சாப்பாடு ஊட்டினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை பேருக்குத்தான். பேச்சு குழறினாலும் எனக்குப் புரியும். பன்றிக்கறியில் உப்புப் பத்தவில்லை என்று சமையல்காரியைத் திட்டினார். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்.

இன்ஷூரன்ஸ் இனி இல்லத்துக்குக் கட்டாதாம். சொத்தில்லாதவர்களுக்கு அரசு மருத்துவ உதவி உண்டு. ஆனால் அதற்கு முன் நிலத்தை விற்றுச் செலவழித்துத் தீர்க்க வேண்டும். அவர் தாத்தா ஐரோப்பாவில் பொஹீமியாவிலிருந்து வந்து உழுத நிலம். நான் இருக்கும் வீடும் அதில்தான். விற்றுவிட்டு நான் எங்கே போவது?

செப்டம்பர் 11

வக்கீலம்மா வழி சொன்னார்: விவாகரத்து. நிலம் என் பேருக்கு வந்துவிடும். லூமிர் ஒன்றுமில்லாதவர் ஆவார், அரசு பார்த்துக்கொள்ளும். எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் நிறையப் பேர் செய்கிறார்களாம். பல்லைப் பிடுங்கிவிடலாம் என்பது போலச் சொன்னார்.

செப்டம்பர் 12

லூமிரிடம் சொன்னேன்.

“கையெழுத்துப் போட்டுடு, பெர்னா. இந்த லட்சணத்துல எவளும் என்னைக் கொத்திக்கிட்டுப் போக மாட்டா.”

சிரித்துவிட்டு, காரில் வந்து உட்கார்ந்து அழுதேன்.

செப்டம்பர் 23, ஞாயிறு

பங்குச் சாமியாரிடம் கேட்டேன். பிரிவு சட்டத்துக்கு மட்டும்தான், திருச்சபைக்கு நீங்கள் என்றும் தம்பதி என்றார். அவருக்குப் புரிந்தது. கோயில் மண்டபத்தில் கொலாச்சி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த பெண்களுக்குப் புரியவில்லை. நான் நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கொழுந்தன் மிலோ வாசலில் பிடித்துக்கொண்டான். நவம்பரில் அரசு மருத்துவ உதவியை இன்னும் பலருக்கு விரிவுபடுத்தலாமா என்று வாக்கெடுப்பு. ‘வேண்டாம்’ என்ற பலகையைத் தன் வீட்டு முன்னால் நட்டு வைத்திருப்பவன் அவன்.

“நாம யார்கிட்டயும் கையேந்தினதில்ல, அண்ணி. ஊரான் வரிப்பணத்துலயா அண்ணன் கெடக்கணும்?”

“அப்போ நிலத்தை வித்துடவா?”

இப்போது அதை உழுவதே அவன்தான். ஆனால் அவனை மட்டும் சொல்லி என்ன? லூமிரும் இதையேதான் காபி மேசையில் வருஷக்கணக்காகப் பேசினார். நானும் தலையாட்டிக்கொண்டே காபி ஊற்றினேன்.

அக்டோபர் 18

கோர்ட். வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். மணவாழ்வு இனி ஒட்ட வைக்க முடியாதபடி முறிந்துவிட்டதா என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நேரே இல்லத்துக்குப் போனேன். சூப் ஆறிப்போயிருந்தது. “லேட்டு” என்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. சூடாக்கி ஊட்டினேன்.

அக்டோபர் 29

மிலோ என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறான். அறுவடையை மட்டும் ஒழுங்காக முடித்துக் கொடுத்தான்.

நவம்பர் 7

வாக்கெடுப்பில் மிலோவின் பக்கம் தோற்றது. பலகையைப் பிடுங்கிக் கொட்டகையில் போட்டுவிட்டான். நான் எதற்கு வாக்களித்தேன் என்று இங்கேகூட எழுதப் போவதில்லை.

டிசம்பர் 9

மதியம் போனால் கட்டில் காலி. விரிப்பு மாற்றியாகிவிட்டது. செத்துட்டாரா? யாரும் ஒரு வார்த்தை சொல்லலயே —

விடிகாலையில் மறுபடியும் பக்கவாதமாம், நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். “சொந்தக்காரருக்குச் சொல்லிட்டோமே” என்றாள் பணிப்பெண். சொந்தக்காரர் மிலோ. நான் யாருமில்லை. சிகிச்சை பற்றி எனக்கு முடிவெடுக்கும் உரிமை கொடுத்து லூமிர் முன்பு எழுதிவைத்ததும் விவாகரத்தோடு செல்லாமல் போய்விட்டதாம். நாங்கள் புதிதாக ஒன்று எழுதி வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மிலோ தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். மூச்சுக்கு மெஷின் வைக்கலாமா என்று டாக்டர் கேட்கிறார், அவன்தான் சொல்ல வேண்டும்.

“எனக்கென்ன தெரியும், அண்ணி? நீங்க சொல்லுங்க. அதையே உள்ள போய்ச் சொல்றேன்.”

மெஷின் வேண்டாம், வலி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். உள்ளே போய் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னான். பிறகு நர்ஸிடம், “இவங்க அவரு சம்சாரம், உள்ள விடுங்க” என்றான்.

டிசம்பர் 11

லூமிர் காலையில் போய்விட்டார். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 14

அடக்கம் முடிந்தது. கோயிலில் குடும்பத்தார் பெஞ்சுக்குப் பக்கத்தில் தயங்கி நின்றேன். மிலோ எழுந்து என்னை முதலில் உட்காரவைத்தான்.

இறப்புச் சான்றிதழில் ‘விவாகரத்தானவர்’ என்றிருக்கிறது. மாற்ற முடியாதாம். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் நிலம் எப்படியும் எனக்கே வந்திருக்கும், நானும் அவருடைய விதவையாக இருந்திருப்பேன்.