உன் இடுப்பளவுக்கு நான் சொன்ன சாட்சி

சண்டை போடக்கூட எதிரே இல்லாமல் போன என் செல்லத் தம்பி சாமுவுக்கு,

நீ போய்ப் பத்து மாதமாகிறது. கோர்படி ரயில்வே கேட்டில் இன்னும் அதே நெரிசல்தான். கேட் மூடியிருந்தால் பைக்கை அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வருவாயே, அங்கே இப்போது ஒரு வடாபாவ் வண்டி நிற்கிறது. கோவில் பாடகர் குழுவில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இதையெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்று நினைக்காதே. உன்மேல் எனக்கு ஆறாத கோபம்.

உன் பெண்டாட்டி ஸ்டெல்லா என்னோடு பேசுவதில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், எல்லார் முன்னாலும் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "நீங்கதான மைனி, அளந்து பாத்தேன்னு சொன்னிய?" நான் பதில் சொல்வதற்குள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அளந்து பார்த்தது உண்மைதானே, சாமு? தையல்காரி அக்கா இருக்கும்போது கடையில் எதற்கு வாங்க வேண்டும் என்று, அப்பா இறந்த வருஷத்திலிருந்து உன் கிறிஸ்துமஸ் உடுப்பு என் மெஷினில்தான். நவம்பரில் துணியோடு வருவாய். டேப்பைச் சுற்றினால் முப்பத்து நாலு. மறு வருஷமும் முப்பத்து நாலு. "பாத்தியா அக்கா, கல்யாண மாப்பிள்ளை சைஸ்" என்பாய். சட்டையை மட்டும் லூசாகக் கேட்பாய், அதையும் வெளியே விட்டுக்கொள்வாய். கொஞ்சம் தொப்பை தெரியுதே என்றால், "அது உன் பிரியாணியால, சாயங்காலம் இறங்கிரும்" என்று சிரிப்பாய். நானும் சிரித்தேன்.

ஆபீஸ் மெடிக்கலில் டாக்டர் உன்னிடம் சொன்னதை ஸ்டெல்லா எனக்குச் சொல்லியிருக்கிறாள். எடை சரியாக இருக்கிறது, கை கால் ஒல்லிதான், ஆனால் எடையை மட்டும் நம்பாதீர்கள், வயிற்றைச் சுற்றிச் சேருகிற கொழுப்பு இதயத்துக்கு ஆகாது, அப்பாவும் நெஞ்சுவலியில் போயிருக்கிறார், இடுப்பு ஏறுகிறதா என்று கவனியுங்கள், ஏறினால் உடனே வாருங்கள். அவள் பயந்துபோய் உன்னை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தாள். நீ என்ன சொன்னாய்? "டேப் அக்கா கையில இருக்கு. அவகிட்ட கேளு."

அவள் போன் பண்ணினாள். நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? "ஒரு இஞ்சு கூடல ஸ்டெல்லா. நான் பொய் சொல்லுவேனா? என் தம்பி அப்பிடியே இருக்கான்." அன்றைக்கு அவள் நிம்மதியாகப் போனை வைத்தாள். உன்னை வற்புறுத்துவதையும் அத்தோடு விட்டுவிட்டாள்.

ஈஸ்டருக்குப் பிறகு உன் துணிகளை ஒரு பையில் போட்டு, கோவிலில் ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லி உன் மகன் ஜோயலிடம் எனக்கு அனுப்பியிருந்தாள். கொடுப்பதற்கு முன்னால் துவைத்து, திருப்பிப் போட்டு இஸ்திரி பண்ணினேன். பேண்ட்டின் பின்தையலில் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைப்பது என் வழக்கம். இடுப்பைப் பெரிதாக்க அந்தத் துணி முழுக்க வெளியே எடுத்துவிடப்பட்டிருந்தது. அது என் தையல் இல்லை. அடுத்த பேண்ட்டைத் திருப்பினேன், அதுவும் அப்படித்தான். கடைசி இரண்டு வருஷத்துப் பேண்ட்டில் அதுவும் போதாமல் வேறு துணியில் முக்கோணமாக ஒட்டுப் போட்டிருந்தது. என் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்துவிட்டேன்.

கராடியில் உன் அபார்ட்மென்ட் கேட்டுக்குப் பக்கத்தில் ஆல்ட்ரேஷன் பண்ணுகிறவரைத் தேடிப் போனேன். பாவம், நல்ல மனுஷர். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருவாயாம். மூச்சை இழுத்துப் பிடித்து என்னிடம் அளவு கொடுத்துவிட்டு, அவரிடம் போய் மூச்சை விட்டிருக்கிறாய். அது போகட்டும். அவரிடம் என்ன சொல்லியிருக்கிறாய் சாமு? "அக்காவுக்குக் கண் மங்கிடுச்சு, இறுக்கித் தைச்சிடுறா. சொன்னா மனசு நோகும்." அவர் என்னிடமே அதை மெதுவாக, என் மனசு நோகாமல் சொன்னார்.

என் கண்ணுக்கு என்னடா? இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறேன். எதற்காக என்னை ஏமாற்றினாய்? அப்பாவைப் போல ஆகிவிடுவோமோ என்று பயமா? ஸ்டெல்லாவின் நச்சரிப்பா? பயமாக இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? நானே கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருப்பேனே. நீ உன்னை மட்டும் ஏமாற்றிக்கொண்டிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். என்னைச் சாட்சிக்கு நிறுத்தி உன் பெண்டாட்டியை ஏமாற்றினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிறகு நானும் டாக்டரிடம் போய் என்னை அளந்துகொண்டேன். பேண்ட் அளவு வேறு, வயிற்றளவு வேறு என்றார். பெல்ட் போடும் இடத்தில் அளந்தால் தொப்பை தப்பித்துவிடுமாம். மூச்சை இயல்பாக விட்டபிறகு தொப்புளை ஒட்டிச் சுற்றி அளக்க வேண்டுமாம். எனக்கும் குறைக்க வேண்டியது இருக்கிறது. நீ பேண்ட் அளவிலேயே பொய் சொன்னவன், உன்னை எங்கே போய் அளப்பது?

இவ்வளவும் தெரிந்தும் பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைப் பொய்க்காரி என்று ஸ்டெல்லா நினைத்தால் நினைக்கட்டும், செத்தவன் பேர் கெட வேண்டாம் என்று இருந்தேன்.

போன வாரம் ஜோயல் துணியோடு வந்தான். உன் மகன், சாமு. அதே மெலிந்த கை, அதே கால், நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருபத்தாறு வயதிலேயே அதே தொப்பை. ஒரு செக்கப் பண்ணிக்கோ ராசா என்றேன். தோளைக் குலுக்கினான். "அத்தை, பப்பாவோட வெயிட் கரெக்டா இருந்துச்சு. இடுப்பும் சேம்தான், நீங்கதான் சொன்னது. அப்பவும் ஹார்ட் அட்டாக் வந்துச்சுல்ல? அப்போ செக்கப்ல என்ன ஃபாய்தா, என்ன லாபம்?" அவனுக்குத் தெரிந்த இந்தி கலந்த தமிழில், அவனுக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னான்.

அளவு சரியாக இருந்தும் அப்பா செத்தார் என்று நம்பிக்கொண்டிருக்கிறான் உன் பிள்ளை. அந்த நம்பிக்கையை நீ கொடுத்தாய், என் வாயால் கொடுத்தாய்.

அதனால் கேட்டுக்கொள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தப் பையோடு கராடிக்குப் போகிறேன். ஸ்டெல்லா கதவைத் திறக்கும்வரை வாசலிலேயே நிற்பேன். அவளையும் ஜோயலையும் உட்கார வைத்து ஒவ்வொரு பேண்ட்டாகத் திருப்பிக் காட்டுவேன். உன் பேர் கெடும், கெடட்டும். இரண்டு பேரும் உன்மேல் கோபப்படுவார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து கோபப்படுவேன். திங்கட்கிழமை காலையில் உன் பிள்ளை டாக்டர் முன்னால் இருப்பான். இது என் சத்தியம்.

உன்னை எப்போது மன்னிப்பேன் என்று மட்டும் கேட்காதே.

இன்னமும் உனக்கு மூத்தவளான,
உன் ரூபி அக்கா