ஒரே பாத்தியில் இரண்டு கூலி

5-2-2006, ஞாயிறு

காலையிலேயே வெயில். இந்த நோட்டை யார் எடுத்துப் பார்த்தாலும் திட்ட வேண்டாம். எழுத்து, ஈர வரப்பில் நண்டு ஓடின மாதிரி இருக்குது. அறுபத்தேழு வயதில் பிடித்த பேனா. உப்பு வாரும் பலகை பிடித்த கை, வளைய மாட்டேன் என்கிறது. ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் என்ன ஒரு சந்தோஷம்!

இன்று நானே படித்தவை: ரேஷன் கடை போர்டு. தீப்பெட்டி. பஸ்ஸில் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்'.

மகள் கலா பற்றி எழுத வேண்டும். சென்னையில் கம்ப்யூட்டரில் படம் போடும் வேலை. 3D என்று பெயர். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி காட்டுவாள், நாற்காலிக்கு நிழல்கூட விழும். மாதம் ரூ. 4,500. சேர்த்துவிட்டது பக்கத்துப் பெருமுக்கல் ஊர்ப் பையன் தேவன். அவன் சேர்ந்த மறுமாதமே இவள். அதே வேலை, பக்கத்து நாற்காலி. "எல்லாருக்கும் ஒரே சம்பளந்தான் மாமா" என்றான், நம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே. நண்டை உடைத்துச் சதையை அவன் இலையில் வைத்தவன் நான்.

8-2, புதன்

டீக்கடை கரீம் பாயின் தங்கை மகன் பெங்களூரில் இதே 3D. அண்ணன் மகன் துபாயில். கேட்டு எழுதிக்கொண்டேன்.

மரக்காணம், நம் ஊர் – இந்த வேலையே இல்லை
சென்னை, கலா – 4,500
பெங்களூர் – 14,000
துபாய் – நம் பணத்தில் 40,000, ரூமும் கம்பெனியே

"அமெரிக்காவுல எவ்ளோ பாய்?"

"அத்தக் கேக்காதீங்க பெரியவரே. டீ எறங்காது."

முதலில் வயிறு எரிந்தது. பிறகு யோசித்தேன். நம் உப்புக்கும் இங்கே ஒரு விலை, பெங்களூர் கடையில் ஒரு விலை. ஊர் மாறினால் மாறும். தப்பில்லை.

12-2, ஞாயிறு

பெருமுக்கல் மலைக் கோயில். முட்டி வலி. இறங்கி தேவன் வீட்டில் தண்ணீர் கேட்டேன். அவன் அம்மா சொம்போடு ஒரு காகிதமும் கொண்டு வந்தது. வீட்டு லோனுக்கு வைத்திருந்த தேவனின் சம்பளச் சீட்டு.

"படிக்கக் கத்துக்கினீங்களாமே அண்ணே. இத்தப் படிங்க பாப்போம்!"

இங்கிலீஷ். விடவில்லை. கம்பெனியில் கலாவுக்குக் கொடுத்த பழைய அடையாள அட்டை எப்போதும் என் சட்டைப் பையில், அவள் போட்டோவுக்காக. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். கம்பெனி பெயர் அதே. 3D அதே. அதற்குப் பின்னால் வேலையின் பெயராக எட்டு எழுத்து, எட்டும் அதே. இங்கிலீஷையும் பிடித்துவிட்டேன் என்று ஒரே ஆனந்தம்.

அப்புறம் கீழே எண். 11,000.

"என்னாண்ணே, தெரியலியா?"

"தெரியுதும்மா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எந்த போர்டையும் பார்க்கவில்லை.

13-2, திங்கள்

தூக்கம் இல்லை. என் வீட்டு நண்டு தின்ற வாய்தான் அந்தப் பொய்யைச் சொன்னது.

உப்பளத்தில் எங்கள் வழக்கம்: சீசன் முதல் நாள் யாரும் பாத்தியில் கால் வைக்க மாட்டோம். வரப்பில் நின்று, "ஏம்பா, ஒனக்கு என்ன கூலி?" என்று அடுத்த பாத்தியைக் கூவிக் கேட்போம். மேஸ்திரி முன்னாலேயே. சமமானால்தான் இறங்குவோம். ஊருக்கு ஊர் மாறலாம். ஒரே பாத்தியில் மாறலாமா?

டெலிபோன் பூத்துக்குப் போனேன். அட்டையில் இருந்த நம்பர். மேனேஜர் நல்ல தமிழ் பேசினார். பெருமுக்கல் பையனுக்குப் பதினொன்று, என் பெண்ணுக்கு நாலரை, ஏன் சார் என்று கேட்டேன். "பாக்கறோம் பெரியவரே" என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு.

16-2, வியாழன்

கரீம் பாய் கடைக்குக் கலா போன்.

"யாருப்பா உன்னப் பேசச் சொன்னது?"

சம்பளத்தை வெளியே சொல்ல மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். தேவனைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். "நான் யாருக்கும் சீட்டைக் காட்டவில்லை, என் டிராயரிலிருந்து கலா எடுத்திருப்பாள்" என்று சொல்லிவிட்டானாம். என் மகளுக்குத் திருடி என்று பெயர். வீட்டுக்குப் போ என்றுவிட்டார்கள்.

"அவனுக்குப் பதினொன்னும்மா!"

"போன வருஷமே தெரியும்."

பெங்களூரில் வேலை பேசி வைத்திருந்தாளாம். இங்கே ஒரு நல்ல சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு மார்ச்சில் கிளம்ப இருந்தாளாம். இனி எங்கே தருவார்கள்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா டீக்கடையில சொல்லுவ. வரப்புல நின்னு கூலி கேப்பியே, அம்மாவும் உங்கூடத்தான் உப்பு வாரிச்சு. உன்னவிடக் கம்மிக் கூலி. அத்த ஒருநாள் கேட்டியா?"

வைத்துவிட்டாள்.

கேட்டதில்லை. அவள் அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம்.

18-2, சனி

என் முதல் கடிதம், மேனேஜருக்கு. இரண்டு நாள் ஆனது. 'ஐயா அவர்களுக்கு. அந்தச் சீட்டை நான் தேவன் வீட்டில் படித்தேன். அவன் அம்மா காட்டியது. என் மகள் எதையும் எடுக்கவில்லை. அவளுக்குச் சர்டிபிகேட் கொடுங்கள்.' அவ்வளவுதான்.

தண்ணீர் கொடுத்த அம்மாவைக் காட்டிக்கொடுக்கிறேன். அந்த வரியை அடித்தேன். திரும்ப எழுதினேன்.

19-2, ஞாயிறு

மத்தியான பஸ்ஸில் கலா. பை, தலையணை, எல்லாவற்றோடும். சோறு வேண்டாம் என்றாள். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"நீயே எழுதினியா?"

"ஆமாம்மா."

"அந்தாளுக்குத் தமிழ் பேசத்தான்பா தெரியும். படிக்கத் தெரியாது."

எவ்வளவு பெரிய ஆபீஸர்!

"அப்ப நானே வந்து படிச்சுக் காட்டறேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் சென்னை. உள்ளே விடுவார்களோ, தேவன் எதிரே வருவானோ. என்ன நடந்தாலும் அடுத்த ஞாயிறு மறைக்காமல் எழுதிவிட வேண்டும். இப்போது சத்தமாகப் படித்துப் பழகுகிறேன், அவள் காதில் விழுகிற மாதிரி. 'சர்டிபிகேட்' வரும் இடத்தில் நாக்கு சிக்குகிறது.